கேள்வி–பதில்: மூலிகைச் சாறும் ஆய்வுக்கூடச் சோதனையும்

கேள்வி: டிபிபிஹெச் (ஆன்டிஆக்ஸிடன்ட் பட்டால் ஊதா நிறம் மங்கும் வேதிப்பொருள்) முறையில் எங்கள் இலைச் சாற்றின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பார்க்கிறோம். குறைந்த செறிவில் மைனஸ் சதவீதம் வருகிறதே, ஏன்?

பதில்: பெரும்பாலும் சாற்றின் சொந்த நிறம்தான் காரணம், சில வேளை கலங்கலும். டிபிபிஹெச்சின் ஊதா மங்குவதை 517 நானோமீட்டரில் அளக்கிறீர்கள். இலைப்பச்சையும் மிதக்கும் துகளும் அதே இடத்தில் கொஞ்சம் ஒளியை விழுங்கிவிடும். குறைந்த செறிவில் மங்கலே சொற்பம் என்பதால் அந்தக் கொஞ்சமே கணக்கைக் கவிழ்க்கும். ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஹெச் இல்லாமல், சாறும் மெத்தனாலும் மட்டும் கலந்த குழாய் ஒன்று வைத்து, அதன் அளவைக் கழியுங்கள். நீரில் எடுத்த சாறு மெத்தனாலில் பட்டதும் திரிந்துபோவதுண்டு. அப்படியானால் மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்ததை மட்டும் அளக்க வேண்டும்.

100 மில்லி மெத்தனாலுக்கு 3.94 மில்லிகிராம் டிபிபிஹெச் போட்டால் 0.1 மில்லிமோலார். அன்றன்றைக்குக் கலக்குவதே நல்லது. 3 மில்லி கரைசலில் 1 மில்லி சாறு விட்டு, இருட்டில் 30 நிமிடம் வையுங்கள். கூடவே ஒப்பீட்டுக்கு அஸ்கார்பிக் அமிலமும் (வைட்டமின் சி) ஓடட்டும். ஐசி50 (டிபிபிஹெச்சில் பாதியை மங்கவைக்கும் செறிவு) எழுதும்போது, அது நீங்கள் ஊற்றிய சாற்றின் செறிவா, குழாயில் கலந்தபின் உள்ள செறிவா என்று குறிப்பிடுங்கள். இந்த அளவில் இரண்டுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம்! இதைச் சொல்லாத எண்ணை யாருடைய எண்ணோடும் ஒப்பிட முடியாது.

கேள்வி: பாக்டீரியா தடவிய தட்டில் சாறு ஏற்றிய காகித வட்டுகளை வைத்துச் சோதிக்கிறோம். சாறு இல்லாத, மெத்தனால் மட்டும் ஏற்றிய வட்டைச் சுற்றியும் பாக்டீரியா வளரவில்லை. ஏன்?

பதில்: பெரும்பாலும் வட்டு காயவில்லை; மிஞ்சிய மெத்தனாலே பாக்டீரியாவைத் தடுக்கிறது. 6 மில்லிமீட்டர் வட்டில் 10 மைக்ரோலிட்டருக்கு மேல் ஒரே தடவையில் ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் முழுக்க உலரட்டும். முல்லர்–ஹின்டன் அகார் (தட்டில் பாக்டீரியா வளரும் ஊடகம்) 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். மெலிந்தால், வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வளையம் பெருத்துக் காட்டும். பாக்டீரியாக் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்டுக்கு (கலங்கலின் அடர்த்தியைச் சொல்லும் தர அளவு) குறைந்தாலும் அதே கதைதான்.

கேள்வி: ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் வளையம் தெளிவாக விழுகிறது, ஈ. கோலையில் ஒன்றுமில்லை. எங்கள் பிழையா?

பதில்: ஜென்டமைசின் (ஆன்டிபயாடிக்) வட்டு ஈ. கோலையில் வழக்கமான வளையத்தைத் தந்தால் உங்கள் தட்டில் குறையில்லை. ஈ. கோலை போன்ற கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் வெளிச்சவ்வு பல தாவரப் பொருள்களை உள்ளே விடாது. இன்னொன்று: டானின் போன்ற பெரிய மூலக்கூறுகள் அகாரில் மெதுவாகவே நகரும். வளையம் சிறுத்ததால் சாறு வலுவற்றது என்று தீர்ப்பெழுத வேண்டாம். 96 குழித் தட்டில் எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) பாருங்கள். 0.5 மெக்ஃபார்லண்ட் கலங்கலை 150 மடங்கு நீர்த்து, சாற்றுடன் சம அளவில் சேர்த்தால் மில்லிக்கு சுமார் 5 லட்சம் பாக்டீரியா கிடைக்கும். டிஎம்எஸ்ஓ (சாற்றைக் கரைக்கும் கரைப்பான்) 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

ரெசாசுரின் (உயிருள்ள பாக்டீரியா இளஞ்சிவப்பாக மாற்றும் நீலச் சாயம்) சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆன்டிஆக்ஸிடன்ட் மிகுந்த சாறு, பாக்டீரியா இல்லாமலேயே அந்த நீலத்தை இளஞ்சிவப்பாக்கிவிடலாம். சாறும் ஊடகமும் மட்டுமுள்ள குழிகள் இல்லாத தட்டை நாங்கள் நம்பமாட்டோம். நீலமாக நின்ற குழிகளிலிருந்து புது அகாரில் தடவிப் பார்த்தால், கொன்றதா, வளர்ச்சியை நிறுத்தி மட்டும் வைத்ததா என்பதும் தெரிந்துவிடும்.

கேள்வி: கீழாநெல்லியைப் பொடியாக வாங்கிச் சோதிக்கலாமா?

பதில்: வேண்டாம். கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸோடு அதே பேரினத்தின் வேறு செடிகளும் கலந்து வருவதுண்டு. பொடித்தபின் கண்ணால் பிரித்தறிய வழியில்லை. பூவும் காயுமாக முழுச் செடியைப் பறித்து, ஒன்றை அழுத்தி உலர்த்தி, தாவரவியலாளரிடம் அடையாளம் உறுதிசெய்து, உலர்தாவரத் தொகுப்பில் எண் வாங்கியபிறகு மீதியை நிழலில் காயவையுங்கள்.