மீட்பும் சம்மதமும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் பிறவிக் கத்தோலிக்கன். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். “நீ இரட்சிக்கப்பட்டது எந்தத் தேதியில்?” என்று கேட்டார். சொல்வதற்கு என்னிடம் தேதி இல்லை. அன்றிலிருந்து ஒரே குழப்பம். எல்லா மனிதரும் மீட்படைய வேண்டும் என்பதே கடவுளின் விருப்பம் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். சர்வவல்லவர் விரும்பினால் நடந்துவிட வேண்டியதுதானே? நடுவில் என் சம்மதம் எதற்கு? அந்தச் சம்மதமும் அவர் அருளால்தான் வருகிறது என்றால், அதில் என்னுடையது எவ்வளவு? சம்மதம் அவ்வளவு முக்கியம் என்றால் கைக்குழந்தைக்கு ஏன் ஞானஸ்நானம்? மறுத்தால் நரகம் என்பது மிரட்டல் இல்லையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

நீங்கள் எழுதியது பதினொரு பத்தி. சுருக்கிப் போட்டிருக்கிறேன். விட்டதில் பாதி, யூடியூபில் யாரோ பேசியதை அப்படியே இறக்கி வைத்தது. இனிமேல் எனக்கு எழுதினால் உங்கள் சந்தேகத்தை மட்டும் எழுதுங்கள். இரவல் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல எனக்கு வயதில்லை.

குழந்தை ஞானஸ்நானம் பற்றிக் கேட்கிறீர்கள். உங்களைக் கேட்டா உங்களுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தார்கள்? நரகம் பற்றி இன்னொரு நாள். உங்கள் வயதில் எல்லாருக்கும் அதுதான் முதல் கேள்வி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நண்பரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் பிரியமாகத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் தேதி இல்லை என்று நீங்கள் கூசத் தேவையில்லை. தான் அருள் பெற்றுவிட்டதை விசுவாசத்துக்கு உரிய உறுதியோடு யாராலும் அறிய முடியாது என்று, நம் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் 1547 ஜனவரியிலேயே எழுதி வைத்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு நீங்கள் மகனாகச் சம்மதித்த தேதி என்ன? யோசித்துவிட்டுத் தூங்குங்கள்.

என்னைப் பிடித்துக்கொண்டது வேறு ஒரு வரி. “அதில் என்னுடையது எவ்வளவு?”

தம்பி, இது கடற்கரைக் கணக்கு. நான் அந்தக் கணக்கைப் பார்த்து வளர்ந்தவள். மீன் ஏலம் போனதும் மணலில் உட்கார்ந்து பிரிப்பார்கள். வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. ஒருவருக்குக் கூடினால் இன்னொருவருக்குக் குறையும். மீட்பையும் நீங்கள் அந்த மணலில் கொட்டிப் பிரிக்கிறீர்கள். கடவுளுக்கு எண்பது போனால் எனக்கு இருபதுதானே என்கிறீர்கள்.

உங்களுக்கு முன்னால் பெரிய பெரிய ஆட்களே இந்தக் கணக்கில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். முதல் அடி மனிதனுடையது, அப்புறம் கடவுள் கைகொடுப்பார் என்று ஒரு கட்சி இருந்தது. 529இல் இன்றைய பிரான்சில் இருக்கும் ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்கள், நம்ப வேண்டும் என்ற அந்த முதல் ஆசையே அருளால் வருவது என்று தீர்த்துச் சொன்னார்கள். சரி, அப்படியென்றால் மனிதன் வெறும் கட்டையா? திரிதெந்து சங்கம் அதையும் விடவில்லை. கடவுள் தூண்டிய மனம் விரும்பினாலும் மறுக்க முடியாது, உயிரில்லாத பொருள்போல அது சும்மா கிடக்கிறது என்று சொல்வதைத் தள்ளிவிட்டது. தூண்டுவது அவர். இசைவதும் மறுப்பதும் நாம். இரண்டும் முழுசாக உண்மை.

இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்று 1588இல் மோலினா என்ற இயேசு சபைக்காரர் ஒரு புத்தகம் போட்டார். நாம் என்ன முடிவெடுப்போம் என்று முன்பே அறிந்து கடவுள் அருளைத் தருகிறார் என்பது அவர் கட்சி. தொமினிக்கன் சபையின் பாஞெஸ் கொதித்துவிட்டார். அருள் தன் பலத்தாலேயே பலிக்கும், நம் சம்மதத்துக்காக அது காத்துக்கொண்டு நிற்காது என்பது அவர் கட்சி. வழக்கு ரோமாபுரிக்குப் போனது. வருஷக்கணக்கில் விசாரணை. 1607இல் ஐந்தாம் பவுல் பாப்பரசர் இரு தரப்பையும் வீட்டுக்கு அனுப்பினார். ஒருவரை ஒருவர் பதிதர், அதாவது விசுவாசத்தைப் புரட்டுகிறவர், என்று திட்டக்கூடாது, தீர்ப்பு பிறகு வரும் என்றார். நானூறு வருஷம் தாண்டிவிட்டது, தீர்ப்பு வரவில்லை. தாலுகா ஆபீஸ்கூடத் தோற்றுவிடும். நம் வைணவர்களும் குரங்குக் குட்டி, பூனைக் குட்டி என்று இதே வழக்கை நடத்தியவர்கள்தான். தாயைக் குட்டி பிடித்துக்கொள்ள வேண்டுமா, தாயே குட்டியைக் கவ்விக்கொண்டு போகுமா? வடகலை, தென்கலை என்று இரண்டு நாமமாகவே அது நின்றுவிட்டது.

எனக்கு இது புரிந்தது புத்தகத்தில் இல்லை. எங்கள் பாட்டா படுத்திருந்த கயிற்றுக் கட்டிலுக்குப் பக்கத்தில்.

பாட்டா பத்தொன்பது வருஷம் கோயிலுக்குப் போகவில்லை. திருவிழாக் கணக்கில் வந்த சண்டை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மணி அடிக்கும்போது பூவரசு நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருப்பார். ஊரே அவரைத் தாண்டித்தான் கோயிலுக்குப் போக வேண்டும். வேண்டுமென்றே அங்கே உட்காருவார்.

ஒரு ஆடி மாதம், கச்சான் காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருந்த நாளில், அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறல். அத்தை ஓடிப்போய்ச் சாமியாரைக் கூட்டி வந்தாள், அவஸ்தைப் பூசுதல் கொடுக்க. சாகக் கிடப்பவருக்கு ஜெபம் சொல்லி எண்ணெய் பூசுவது அது. பாட்டா எண்ணெய்ச் சிமிழைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சாமியார் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குறட்டை வந்தது. அத்தை மெதுவாக வந்து, “சாமி, இப்ப தூங்குதாரு, சட்டுனு பூசிட்டுப் போயிருங்க” என்றாள்.

“முழிச்சிருக்கும்போது வேண்டாம்னாரு. தூங்கும்போது பூசினா அது களவு, தாயி” என்றார் அவர்.

அத்தை அன்று அவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ராத்திரியோடு உயிர் போய்விட்டால் நீயா பொறுப்பு என்றாள். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பயந்தார். பயந்தும் பூசவில்லை.

மறுநாளும் வந்தார். கடவுள் பேச்சே எடுக்கவில்லை. சாளை மீன் விலை கேட்டார், பாட்டாவும் குழறிக்குழறி ஏதோ சொன்னார். மூன்றாம் நாள் சைக்கிள் சத்தம் கேட்டதுமே பாட்டா என் கையைத் தட்டி, “எண்ணெ கொண்டாந்தானா கேளு” என்றார். சாமியாரை அவர் கடைசிவரை ‘அவன்’ என்றுதான் சொன்னார்.

கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது. பத்தொன்பது வருஷப் பாக்கி. அப்புறம் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள். ஜெபமாலை சொன்னதால்தான் என்று அத்தை, சாமியாரின் பொறுமையால்தான் என்று அம்மா, பாட்டாவுக்கே தோன்றித்தான் என்று நான். இன்று வரை வீட்டில் இந்த வழக்கு ஓடுகிறது. மூன்று பேர் சொல்வதையும் ஒரே நேரத்தில் ஒத்துக்கொள்ள உங்களால் முடிந்தால், உங்கள் கேள்விக்கு அதற்குமேல் என்னிடம் பதில் இல்லை.

நெற்றியில் பூசியாயிற்று. அடுத்து உள்ளங்கை. வலது கையை நீட்டினார், பூசினார்கள். இடது கை மார்மேல் இறுக மூடிக் கிடந்தது, வாதத்தில் மடங்கிப்போன கை. பிரித்துவிடலாம் என்று அத்தை குனிந்தாள். சாமியார் வேண்டாம் என்று கையைக் காட்டினார். பாட்டா எண்ணெய் ஈரத்தோடு இருந்த வலது கையைக் கொண்டுவந்து, இடது கையின் விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க ஆரம்பித்தார். கயிறு இழுத்துக் காய்த்த விரல்கள். சுண்டுவிரல் திரும்பத் திரும்ப மடங்கிக்கொண்டது. அதைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை முன்னால் தள்ளினார்.

அதற்கப்புறம் பதினொரு நாள் இருந்தார். திருவிழாக் கணக்கை மட்டும் கடைசிவரை விடவில்லை.

அன்புடன்,
அக்கா