8 ஜிபி மடிக்கணினியில் க்யூப்ஸ் ஓடுமா?

கேள்வி: என் மடிக்கணினியில் இன்டெல் ஐ5-8250யு, 8 ஜிபி ரேம், என்விடியா எம்எக்ஸ்150 இருக்கின்றன. அலுவலக ஆவணங்களையும் வங்கி வேலையையும் பிரித்து வைக்க க்யூப்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் ரேமை 16 ஜிபி ஆக்கிவிட்டுப் போடுங்கள்.

குறைந்தது 6 ஜிபி போதும் என்றுதான் க்யூப்ஸின் ஆவணம் சொல்கிறது. ஆனால் அதில் நீங்கள் பிரிக்கும் ஒவ்வொரு வேலையும் தனி அறையில், அதாவது கணினிக்குள் கணினி போன்ற ஒரு மெய்நிகர் கணினியில் ஓடும். நீங்கள் எதையும் திறப்பதற்கு முன்பே நெட்வொர்க்குக்கு ஒன்று, ஃபயர்வாலுக்கு ஒன்று, யுஎஸ்பிக்கு ஒன்று என்று ஓடத் தொடங்கியிருக்கும். 8 ஜிபியில் மிச்சம் கொஞ்சம்தான். இடம் போதாமல் வங்கி வேலையையும் மின்னஞ்சலையும் ஒரே அறையில் திறக்க ஆரம்பித்துவிட்டால், க்யூப்ஸ் போட்டதே வீண்.

உங்கள் செயலி சரியானதுதான். தேவையான விடி-எக்ஸ் (மெய்நிகர் கணினிகளை ஓட்ட உதவுவது), விடி-டி (வைஃபை கார்டு போன்ற வன்பொருளை அதன் அறைக்குள்ளேயே அடக்கி வைப்பது) இரண்டும் அதில் உண்டு. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) அணைத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். விடி-டியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், வைஃபை கார்டைக் கைப்பற்றியவர் அதன் வழியாகவே மொத்த நினைவகத்தையும் படிக்க முடியும். அப்புறம், ஒரு கோரை இரண்டு த்ரெட்களாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கைப் பாதுகாப்புக்காக க்யூப்ஸ் தானே நிறுத்திவிடும். எட்டு த்ரெட் என்று கணக்குப் போடாதீர்கள், கைக்கு வருவது நான்கு கோர்தான்.

என்விடியா கிராஃபிக்ஸ் சிப்பால் உங்களுக்குப் பயன் இல்லை. அறைகளுக்குள் ஓடும் வீடியோவின் சுமையைச் செயலியே சுமக்கும். திரை உறைவது, தூக்கத்திலிருந்து எழாமல் போவது போன்ற தொல்லைகள்தான் வரக்கூடும். பயாஸில் அணைக்க வழி இருந்தால் அணைத்துவிட்டு, இன்டெல் கிராஃபிக்ஸிலேயே ஓட்டுங்கள்.

வட்டு 128 ஜிபி எஸ்எஸ்டியாவது இருக்கட்டும்.

இருக்கும் விண்டோஸை உடனே அழிக்க வேண்டாம். வெளி எஸ்எஸ்டி ஒன்றில் நிறுவி, வைஃபையும் தூக்கமும் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று சில நாள் பாருங்கள். விண்டோஸுக்குள் மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. வெளி வட்டில் நிறுவும்போது யுஎஸ்பிக்கான தனி அறையை உருவாக்காதீர்கள். உருவாக்கினால் யுஎஸ்பி கட்டுப்படுத்தி அந்த அறைக்குப் போய்விடும், அதில் செருகியிருக்கும் உங்கள் வட்டும் கணினியின் கையை விட்டுப் போகும்.

ரேம் வாங்கப் போகுமுன் பின்மூடியைத் திறந்து ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். சில மெல்லிய மாடல்களில் ரேமைப் பலகையோடு பற்றவைத்திருப்பார்கள். உங்களுடையதும் அப்படியென்றால், அந்தப் பணத்தை வேறு மடிக்கணினிக்குச் சேர்த்து வையுங்கள்.