குரல் அடங்கிவிட்டது, படித்தது மட்டும் நிற்கவில்லை

கேள்வி: மகனுக்கு 21 வயது. கல்லூரி இறுதியாண்டில் மனநோய் வந்து, ஆறு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனால் பக்கத்தின் அடிக்கு வருவதற்குள் மேலே படித்தது மறந்துபோகிறது என்கிறான். செல்போனில் ‘மூளைப் பயிற்சி’ விளம்பரம் வருகிறது. பணம் கட்டலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: அவன் சோம்பேறி இல்லையம்மா, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கவனம் நிற்காதது, கேட்டது தங்காதது, யோசிக்க நேரம் பிடிப்பது எல்லாமே இந்த நோயோடு வருபவை. குரலை அடக்கும் மாத்திரை இவற்றைப் பெரிதாகச் சரிசெய்வதில்லை.

கலிஃபோர்னியாவில் மனநல ஆய்வாளர் சோஃபியா வினோகிராடோவ் குழுவினர், மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன 86 பேரிடம் மடிக்கணினியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பாதிப் பேருக்குச் செவிப்பயிற்சி, மீதிப் பேருக்குச் சாதாரண கணினி விளையாட்டு. 8 வாரத்தில் 40 மணி நேரம். ஹெட்ஃபோனில் சரேலென்று மேலேறும் ஓர் ஒலி, கீழிறங்கும் ஓர் ஒலி கேட்கும். எது ஏறியது, எது இறங்கியது என்று அம்புக்குறியைத் தட்ட வேண்டும். சரியாகச் சொல்லச் சொல்ல ஒலி குறுகிக்கொண்டே போகும். தவறினால் கொஞ்சம் இளகும். நானும் செய்து பார்த்தேன், கால் மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிட்டது. 2015-ல் முடிவு வெளியானது. பயிற்சி செய்தவர்களுக்கு, விளையாடியவர்களைவிடச் சொற்களை நினைவில் வைப்பதும் சிக்கலுக்கு வழி காண்பதும் கூடியிருந்தன.

விளம்பரத்தில் வருவதெல்லாம் இந்த ரகம் இல்லை. பள்ளியிலும் வேலையிலும் தேறலாம், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், லுமோசிட்டி என்ற மூளைப் பயிற்சி விளையாட்டு நிறுவனம் 2016-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டியது.

விளம்பரத்துக்குக் கட்ட நினைத்த பணத்தை வைத்துக்கொண்டு, உங்கள் டாக்டரிடம் ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) யாரிடமாவது அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். 130 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021-ஆம் ஆண்டு அலசல் ஒன்று, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் கூடவே இருந்து, யுக்திகளும் சொல்லிக்கொடுத்து, மறுவாழ்வுச் சிகிச்சையோடு சேர்த்து நடத்திய இடங்களில்தான் பலன் கூடுதல் என்றது. உங்கள் மகன் விஷயத்தில், பயிற்சி முடிந்த கையோடு பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி படித்து, புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு வரி சொந்தமாக எழுதட்டும். அம்புக்குறியில் வாங்கிய மதிப்பெண்ணைவிட எனக்கு அந்த இரண்டு வரிதான் பெரிது.

கேள்வி: எங்கள் ஊரில் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. தங்கைக்கு வேறு வழி உண்டா?
– அண்ணன், பென்னாகரம்

பதில்: உண்டு, அதுவும் அடுப்படியிலேயே. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை, முதல்முறை நோய் கண்டவர்களுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்துப் பார்த்து 2012-ல் ஆய்வு வெளியிட்டது. அங்கே கவனப் பயிற்சிக்குத் தானியம் பிரிப்பதும் ஒரு பாடம். முறத்தில் கொஞ்சம் துவரம்பருப்பையும் மொச்சையையும் கலந்து கொடுத்து, எவ்வளவு நேரம், எத்தனை தப்பு என்று குறித்துவையுங்கள். அது கைவந்ததும் துவரம்பருப்போடு கடலைப்பருப்பு. நிறமும் அளவும் நெருங்க நெருங்கக் கண் தடுமாறும், வேலையே அங்குதான். அடுத்து, செய்தித்தாளில் ஒரு பத்தியில் ‘க’ வருமிடமெல்லாம் அடிக்கச் சொல்லுங்கள். ஆனால் ‘வீட்டு வேலை மிச்சம்’ என்று இரண்டு கிலோவைக் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: தம்பி பயிற்சிக்கு உட்கார்ந்த பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறான். அப்பா கத்துகிறார். தினமும் சண்டை.
– அக்கா, திருநெல்வேலி

பதில்: அப்பாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். வீட்டில் குத்தலும் கத்தலும் கூடினால் நோய் திரும்ப வரும் வாய்ப்பும் கூடும்; இது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்த சங்கதி. பத்து நிமிடம் உட்கார்ந்தானா, பத்தே போதும். அடுத்த வாரம் பன்னிரண்டு. பக்கத்தில் நீங்களே இருங்கள்.

கேள்வி: பயிற்சி நன்றாகப் போகிறது. மாத்திரையைக் குறைக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: கூடாது. அந்த முடிவு டாக்டருடையது.

கேள்வி: எனக்குத்தான் நோய். மறதிக்குக் காரணம் மாத்திரைதான் என்று நினைக்கிறேன். ஹெட்ஃபோன் போட்டால் யாரோ என்னைக் கவனிப்பது போலவும் இருக்கிறது.
– வாசகர், 24 வயது

பதில்: முதல் சந்தேகத்தில் நியாயம் இருக்கலாம். கை நடுக்கம், விறைப்புக்காகச் சேர்த்துக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மாத்திரைகள் ஞாபகத்தை மங்கவைக்கும். பயிற்சியின் பலனையும் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். சீட்டை எடுத்துப் போய், ‘இது இன்னும் தேவையா டாக்டர்?’ என்று கேளுங்கள்.

இரண்டாவதை நாளை என்று தள்ளாதீர்கள். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுப் பயிற்சியை நிறுத்துங்கள். எப்போது தொடங்கியது, பயிற்சி இல்லாத நேரத்திலும் இருக்கிறதா என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கிடைக்கும்வரை 14416-ஐக் கூப்பிடலாம். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள். எழுதிக் கேட்டீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். இதை வீட்டில் ஒருவரிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.