ரசம்கூட இரும்பு மாதிரி இருக்கிறதாம்!

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. நுரையீரல் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறோம், இரண்டு முடிந்திருக்கிறது. எதைச் செய்து கொடுத்தாலும் ‘இரும்பை நக்குற மாதிரி இருக்கு’ என்று தட்டைத் தள்ளிவிடுகிறார். கீமோ ஏற்றிய ராத்திரி கண் மூடுவதே இல்லை. ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறார். முப்பது வருஷமாக என் சமையலைக் குறை சொல்லாத மனுஷன். நான் என்னதான் செய்வது?
– ஒரு சகோதரி, ராசிபுரம்

பதில்: உங்கள் கைப்பக்குவம் எங்கும் போய்விடவில்லை, சகோதரி. மருந்துதான் அவர் நாக்கைக் கெடுத்து வைத்திருக்கிறது. என் கணவருக்கும் இதே நோய்க்கு ஆறு கீமோ ஏற்றினோம். இரண்டாவது முடிந்த வாரம், ஆசையாக வைத்த மிளகு ரசத்தை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டார். அடுக்களைக்குள் போய் அழுதேன்.

நம் வீடுகளில் தட்டு, டம்ளர், கரண்டி எல்லாமே எவர்சில்வர். வாயெல்லாம் இரும்பு ருசியாக இருப்பவருக்கு அது உதட்டில் பட்டாலே குமட்டும். அன்று சாயங்காலமே ஒரு பீங்கான் கோப்பையும் மரக் கரண்டியும் வாங்கினேன். ஆவி பறக்கப் பரிமாறுவதையும் விட்டேன். சூடாக இருந்தால் வாசனை தூக்கலாக வரும். ஆறிய இட்லி, மோர் சாதம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. தாளிக்கிற நேரம் அவரை மொட்டைமாடிக்கு அனுப்பிவிடுவேன். வாந்தி மாத்திரையைக் குமட்டல் வரட்டும் என்று காத்திராமல் டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அதனால் மலச்சிக்கல் வந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். கீமோ ஏற்றிய மூன்றாவது வாரம் நாக்குக்கு ருசி கொஞ்சம் திரும்பும். என்னவர் அந்த வாரத்தில்தான் கருவாட்டுக் குழம்பு கேட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்!

அப்புறம் அந்தத் தூக்கம். மாத்திரைச் சீட்டில் டெக்சாமெத்தசோன் இருக்கிறதா பாருங்கள். அது ஸ்டீராய்டு, தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும், சர்க்கரையையும் ஏற்றும். நான்காவது கீமோ வரை எனக்கு இது தெரியாமல், என்மேல்தான் கோபம் என்று மருகிக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் சொன்னதும் சாயங்கால வேளையை மதியத்துக்கு மாற்றிக் கொடுத்தார். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள். சொந்தக்காரர்கள் கொண்டுவரும் கஷாயம், லேகியத்தையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சளி, இருமலோடு நலம் விசாரிக்க வருகிறவர்களைப் போனிலேயே பேசச் சொல்லுங்கள். மனஸ்தாபம் வந்தாலும் பரவாயில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை. கீமோ ஏற்றி ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறையும். அப்போது வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. தெர்மாமீட்டர் 100.4 காட்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். பாரசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று பார்க்காதீர்கள். அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக ‘கீமோ ஏற்றி இத்தனை நாள் ஆகிறது’ என்று சொல்லுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினாலும் இதேதான். ராத்திரியில் கூப்பிட வேண்டிய எண்ணை அடுத்த முறை போகும்போதே கேட்டு வாங்கி, பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள்.