கையில் காசு குறைவு, பிள்ளைகளுக்கு ஒரு பாத்ரூம் கட்ட வேண்டும்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டுத்திட்ட வீடு. மலசலகூடம் வளவின் பின்பக்கம் தள்ளி இருக்கிறது. இரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது கஷ்டம் என்பதால், வீட்டோடு ஒட்டி ஐந்துக்கு ஏழு அடியில் ஒரு பாத்ரூம் எடுக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. டைல்ஸ், கொமட், பைப், ஷவர் எல்லாம் குறைந்த செலவில் எப்படித் தெரிவு செய்வது? சிறுவர்களுக்கென்று விற்கும் சின்ன சாமான்கள் வாங்கலாமா?

பதில்:

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்கிறேன்: வாங்க வேண்டாம். சின்னக் கொமட், சின்ன பேசின், மீனும் முயலும் போட்ட டைல்ஸ் எல்லாம் பாலர் பாடசாலைக்குச் சரி. உங்கள் மகள் இன்னும் இரண்டு வருடத்தில் அந்தக் கொமட்டில் இருக்க மாட்டாள், அந்த முயலைப் பார்த்தால் வெட்கப்படுவாள். அப்போது டைல்ஸை உடைத்து மாற்ற யாரிடம் காசு இருக்கும்? தரையிலும் சுவரிலும் நிரந்தரமாகப் பதிக்கிற சாமான் எல்லாம் பெரிய ஆட்களின் அளவில் இருக்கட்டும். பிள்ளையின் உயரத்துக்கு வேண்டியது மட்டும் கழற்றக்கூடியதாக, நகர்த்தக்கூடியதாக இருந்தால் போதும்.

நாங்கள் விசுவமடுப் பக்கம். எங்களுடையதும் வீட்டுத்திட்ட வீடுதான். இந்திய வீட்டுத்திட்டத்தில் தந்த 550,000 ரூபாயில் வீடு எழும்பியதே பெரிய காரியம். பாத்ரூமைப் பிறகு எங்கள் காசில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தோம். அதனால் நான் சொல்வது கடைப் புத்தகத்தில் உள்ள அழகான பாத்ரூம் இல்லை, எங்கள் ஊர்த் தண்ணீருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தாக்குப்பிடிக்கிற பாத்ரூம்.

காசைக் கொட்ட வேண்டிய இடம் தரை. அதிலும் டைல்ஸுக்கு முன்னால், டைல்ஸுக்குக் கீழே. எங்கள் வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லில் கட்டியவை. அந்தக் கல் தண்ணீரை உறிஞ்சும். பாத்ரூமின் மறுபக்கம் பிள்ளைகள் படுக்கிற அறை என்றால் ஒரு மாரிக்குள் அந்தச் சுவர் ஈரம் பிடித்துப் பெயின்ட் உரியத் தொடங்கிவிடும். ஆகவே டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் நீர்க்காப்புப் பூச்சு இரண்டு தடவை பூசுங்கள். தரை முழுவதும், சுவரில் ஓர் அடி உயரத்துக்கும், குளிக்கிற மூலையில் ஆறடி வரைக்கும் பூச வேண்டும். காய்ந்த பிறகு தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்து, தரையில் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கி வைத்துப் பாருங்கள். மட்டம் குறைந்தால் அப்போதே திருத்தலாம். டைல்ஸ் ஒட்டிய பிறகு தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது சாய்வு. இதில் மேசன்மாரோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டிவரும். "தண்ணி எல்லாம் ஓடும் தங்கச்சி, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்பார்கள். குளிக்கிற மூலையில் அடிக்குக் கால் அங்குலம் சாய்வு கேளுங்கள், மற்ற இடத்தில் அதில் பாதி போதும். டைல்ஸ் வைக்க முன்னம் ஒரு வாளி தண்ணீரை ஊற்றி, எங்கே தேங்குகிறது என்று அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். தேங்கி நிற்கிற இடத்தில்தான் பாசி பிடிக்கும், பாசி பிடித்த இடத்தில்தான் பிள்ளை வழுக்கி விழும்.

தரை டைல்ஸ் பளபளப்பில்லாத மட் வகையாக இருக்க வேண்டும். வழுக்காத தன்மைக்கு ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று ஒரு தரக்குறி உண்டு, எண் கூடக் கூடப் பிடிப்பு அதிகம். அந்தச் சோதனை சப்பாத்துக் காலுக்கானது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனியாக இன்னொரு குறி இருக்கிறது, குளிக்கிற இடத்துக்கு பி நல்லது. எங்கள் பக்கத்துக் கடைகளில் பெட்டியில் இதெல்லாம் அச்சிட்டிருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு டைலைக் கீழே வைத்து, மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். அளவில் சின்ன டைல்ஸ் நல்லது. இடைவெளிக் கோடுகள் அதிகம் வருவதால் காலுக்குப் பிடிப்பு, சாய்வு எடுப்பதும் சுலபம். இரண்டடிக்கு இரண்டடி டைலை இவ்வளவு சின்னத் தரையில் நாலு பக்கமும் சாய்க்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும், வெட்டினால் வீண்.

டைல்ஸுக்குக் காசு போதாது என்றால் தரையைச் சீமெந்தாகவே விடலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் கரண்டியால் தேய்த்து மினுக்க விடாதீர்கள். ஈரமாக இருக்கும்போது விளக்குமாற்றால் லேசாக இழுத்துவிட்டால் சொரசொரப்பு வந்துவிடும்.

சுவரில்தான் நிறையக் காசு மிச்சம் பிடிக்கலாம். ஐந்துக்கு ஏழு என்றால் சுற்றளவு 24 அடி, கதவைக் கழித்தால் ஏறத்தாழ 21½ அடி. நாலு பக்கமும் ஏழடி உயரத்துக்கு ஒட்டினால் 150 சதுர அடி டைல்ஸ் வேண்டும். சுற்றிவர நாலடி மட்டும் ஒட்டி, குளிக்கிற மூலையில் எட்டடி நீளத்துக்கு மட்டும் ஏழடி வரை உயர்த்தினால் 110 சதுர அடியில் முடிந்துவிடும். நாற்பது சதுர அடி டைல்ஸும் அதை ஒட்டுகிற கூலியும் மிச்சம். மேலே வெளிச்சுவருக்கு அடிக்கிற பெயின்டை அடியுங்கள், அது ஈரத்தை நன்றாகத் தாங்கும். சுவர் டைல்ஸ் மலிவானதே போதும், அதன்மேல் யாரும் நடக்கப் போவதில்லை. ஆனால் சுவர் டைல்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே தரைக்கும் போடாதீர்கள். அது தண்ணீரை உறிஞ்சும் வகை, பாரமும் தாங்காது.

கடைகளில் மிஞ்சிய லொட் என்று விலை குறைத்துப் போடுவார்கள். சின்ன பாத்ரூமுக்கு அதுதான் வாய்ப்பு. எல்லாப் பெட்டியிலும் நிற இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், பத்து வீதம் கூட வாங்கி அலுமாரிக்குப் பின்னால் வையுங்கள். 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது டைல்ஸும் அதில் மாட்டியது. ஒரு டைல் உடைந்தவர்கள் அதே டைலைத் தேடிக் கடை கடையாக ஏறினார்கள்.

இடைவெளிக்கு வெள்ளைச் சீமெந்து பூசுவது இங்கே வழக்கம். தயவுசெய்து வேண்டாம். செம்மண்ணில் விளையாடிவிட்டு அப்படியே உள்ளே வருகிற பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோடு எத்தனை நாள் வெள்ளையாக இருக்கும்? டைல்ஸுக்கென்றே வருகிற பூச்சில் சாம்பல் அல்லது மண் நிறம் எடுங்கள். விலை வித்தியாசம் பெரிதில்லை, அவ்வளவு சீக்கிரம் உதிர்ந்தும் போகாது.

இனிப் பைப். எந்தப் பைப் நல்லது என்பதைக் கடைக்காரரைவிட உங்கள் கேத்தல் சரியாகச் சொல்லும். உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தால் உங்கள் கிணற்றுத் தண்ணீர் வன்னீர், அதாவது சுண்ணாம்புச் சத்துக் கூடிய தண்ணீர். எங்கள் பக்கம் நிறையக் கிணறுகள் அப்படித்தான். அதே படிவு ஷவர்த் தலையின் ஓட்டைகளையும் பைப் வாயில் உள்ள வலையையும் அடைக்கும். அதனால் கையால் கழற்றிக் கழுவக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ கொஞ்ச நேரம் ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். கறுப்பு நிறப் பைப்புகள் இப்போது நாகரிகமாம். வன்னீருக்கு அதைப்போல மோசமான தெரிவு இல்லை, ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

வாளிக்குத் தண்ணீர் பிடிக்கிற பைப் பழைய திருகு வகைப் பித்தளைப் பைப்பாக இருக்கட்டும். ஒழுகினால் வாசரை மாற்றினால் முடிந்தது. பேசினுக்கு மட்டும் கால்வாசிச் சுற்றுத் திருப்பினாலே திறக்கிற பைப் போடுங்கள், நாலு வயதுக் கைக்கு அதுதான் சுலபம். பிளாஸ்டிக் பைப் மலிவு, துருப்பிடிக்காது, ஆனால் பிள்ளைகள் அதில் தொங்குவார்கள். உடைந்தால் மரைத் துண்டு சுவருக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் வெளியில் எந்தப் பைப் போட்டாலும், சுவருக்குள் பதிக்கிற எல்போவின் (பைப்பைப் பூட்டுகிற வளைவுத் துண்டின்) மரை பித்தளையாக இருக்க வேண்டும். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். துவாய்க் கம்பி, கொளுக்கி வாங்கப் போகும்போது ஒரு காந்தத் துண்டு கொண்டுபோங்கள். நன்றாக ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள், சீக்கிரம் துருப்பிடிக்கும் சாமான். ஒட்டவில்லை என்பதற்காக நல்லது என்றும் நம்பிவிடாதீர்கள், பாரத்தையும் பாருங்கள்.

ஷவர் பற்றி ஒரு கணக்கு. தண்ணீர் பத்து மீற்றர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம். உங்கள் தாங்கி 15 அடியில், ஷவர் ஆறரை அடியில் என்றால் இடையில் எட்டரை அடிதான், அதாவது கால் பாருக்குக் கொஞ்சம் மேல். இந்த அழுத்தத்தில் மழைபோலக் கொட்டும் என்று சொல்லி விற்கிற அகலமான ஷவர் சொட்டுச் சொட்டாக அழும். கையில் பிடிக்கிற ஷவர் ஒன்றை, ஏற்றி இறக்கக்கூடிய கம்பியோடு வாங்குங்கள். மகனுக்கு இடுப்புயரத்தில் வைக்கலாம், உங்களுக்கு மேலே ஏற்றலாம். உண்மையில் எங்கள் பிள்ளைகள் வாளியும் கோப்பையுமாகத்தான் குளிக்கிறார்கள், அதிலும் பெரிய சந்தோஷம். சுடுதண்ணீர் ஹீட்டரை இப்போதைக்கு விடுங்கள். மார்கழி, தை குளிருக்கு ஒரு கேத்தல் சுடுதண்ணீர் போதும். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிப் பிறகுதான் சுடுதண்ணீரைக் கலக்க வேண்டும். பின்னால் ஹீட்டர் போடுகிற எண்ணம் இருந்தால் வயர் போகிற குழாயை மட்டும் சுவருக்குள் இப்போதே பதித்துவிடுங்கள். அதோடு வீட்டில் மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாக நிறுத்துகிற ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள்.

கொமட் சாதாரண உயரத்தில், தாங்கி தனியாகப் பூட்டுகிற இரண்டு துண்டு வகை எடுங்கள். ஒரே துண்டாக வருவது பார்க்க வடிவு, விலையும் கூட, உள்ளே உள்ள சாமான் பழுதானால் தேடி அலைய வேண்டிவரும். மூடி மெதுவாக இறங்குகிற வகையாக இருந்தால் பிள்ளைகளின் விரல் தப்பும். மகனுக்கு, கொமட் இருக்கையின் மேலே வைக்கிற சின்ன வளையமும் ஏறி நிற்க ஒரு பலகையும் போதும். பலகையின் அடியில் ரப்பர் ஒட்டுங்கள். வளவில் உள்ள பழைய மலசலகூடத்தை இடிக்காதீர்கள். குந்தி இருக்கிற பழக்கம் பிள்ளைக்கு விட்டுப்போனால், அப்படியான மலசலகூடம் மட்டும் உள்ள பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு வருவார்கள்.

அதே பலகையைப் பேசினுக்கும் நகர்த்தலாம். துவாய் கொளுக்கிகளை டைலில் துளைக்காமல், ஒரு மரச் சட்டத்தில் அடித்துச் சட்டத்தைச் சுவரில் பூட்டுங்கள். பிள்ளைகள் வளர வளரச் சட்டத்தை உயர்த்தலாம், டைல்ஸுக்கு மேலே உள்ள சுவரில் இரண்டு ஓட்டைதான் புதிதாக வரும்.

தண்ணீர் சேர்க்க மூலையில் சீமெந்துத் தொட்டி கட்டுவோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டிச் சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது, கிழமைக்கு ஒரு தரம் உரஞ்சிக் கழுவ வேண்டும், யாருக்கு நேரம்? அதைவிட நாலு வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் நிரம்பிய தொட்டி வேண்டவே வேண்டாம். வாளியைக்கூடக் குளித்து முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

தண்ணீர் போகிற ஓட்டைக்கு நீர் தேங்கி நிற்கிற வகை மூடியும், யன்னலுக்கும் மலக்குழியின் காற்றுக் குழாய்க்கும் வலையும் போடுங்கள். மாரியில் தவளை உள்ளே வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். வன்னியில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கதவு பிளாஸ்டிக்கில் போதும், ஆனால் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வையுங்கள். உள்ளே பிள்ளை கதவோடு விழுந்து கிடந்தால் உட்பக்கம் தள்ளித் திறக்க முடியாது. பூட்டு வெளியிலிருந்து ஒரு சில்லறைக் காசால் திருப்பித் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கொண்டியை நாலரை அடி உயரத்தில் அடியுங்கள். மகள் எட்டிப் போட்டுக்கொள்வாள், மகன் இன்னும் கொஞ்சக் காலத்துக்குக் கதவைத் திறந்துவைத்தே குளிக்கட்டும்.