கேள்வி பதில்: டீ ஆறிப்போச்சு, அதுல காணாமப் போனது என்ன?

கேள்வி: சார், எனக்கு சொந்த ஊர் கோத்தகிரி, கோவையில மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். தெர்மோடைனமிக்ஸ்ல, அதான் சூட்டையும் வேலையையும் பத்தின பாடத்துல, என்ட்ரோபி வந்த நாள்ல இருந்து ஒண்ணும் மண்டையில ஏறமாட்டேங்குது. என்ட்ரோபின்னா ஒழுங்கின்மை, ரூம் கலைஞ்சு கெடக்குற மாதிரின்னு சொல்றாங்க, சரின்னு கேட்டுக்கிட்டேன், ஆனா கணக்குன்னு போனா கிலோஜூல் பெர் கெல்வின்னு வருது, இதுல ஒழுங்கின்மை எங்க சார் இருக்கு?

பதில்: தம்பி, அந்தக் கலைஞ்ச ரூமை இந்த செமஸ்டர் முடியற வரைக்கும் ஓரமா வெச்சுடுங்க. அது தப்புன்னு சொல்லல, போல்ட்ஸ்மன்னு ஒரு விஞ்ஞானி 1877-ல மூலக்கூறுகளை எண்ணி இன்னொரு வழியா இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார், ஆனா அதுக்கு 12 வருஷம் முன்னாடி, 1865-லயே கிளாசியஸ்னு இன்னொரு விஞ்ஞானி என்ட்ரோபின்னு பேர் வெச்சுட்டார், அந்தக் கணக்குல மூலக்கூறே தேவையில்ல. எவ்வளவு சூடு போச்சு, எந்த டெம்பரேச்சர்ல போச்சு, முன்னதை பின்னதால வகு, அவ்வளவு தான். டெம்பரேச்சர் மட்டும் கண்டிப்பா கெல்வின்ல இருக்கணும்.

வீட்டுல ஒரு டம்ளர் டீயை எடுத்துக்குங்க. 87 டிகிரி, அதோட 273 கூட்டினா 360 கெல்வின். நம்ம பக்கம் சாயங்காலம் ரூம் 15 டிகிரி இருக்கும், 288 கெல்வின். டீயில இருந்து 1000 ஜூல் சூடு ரூமுக்குப் போச்சுன்னு வைங்க. டீ இழந்த என்ட்ரோபி 1000 பை 360, அதாவது 2.778. அதே 1000 ஜூலை வாங்கின ரூமுக்கு வந்தது 1000 பை 288, 3.472. இப்போ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, போனது கம்மி, வந்தது ஜாஸ்தி, நடுவுல 0.694 ஜூல் பெர் கெல்வின் புதுசா முளைச்சிருக்கு. சூடு ஒரு ஜூல் கூட காணாமப் போகல, ஆனா என்ட்ரோபி மட்டும் யாரும் கொடுக்காமலே உண்டாகியிருக்கு.

சரி அந்த 0.694-ஐ வெச்சு என்ன பண்றது? ரூம் டெம்பரேச்சர் 288 ஆல பெருக்குங்க, 200 ஜூல் வரும். அதே டீக்கும் ரூமுக்கும் நடுவுல கார்னோங்கிற இஞ்சினியர் 1824-ல சொன்ன மாதிரி ஒரு குறையே இல்லாத இஞ்சினை வெச்சிருந்தா, எஃபிஷியன்சி, அதாவது வாங்கின சூட்டுல வேலையா மாறுற பங்கு, 1 மைனஸ் 288 பை 360, அதாவது 20 சதவீதம், 1000 ஜூல்ல 200 ஜூல் வேலை கிடைச்சிருக்கும். ரெண்டும் அதே 200! டீயை சும்மா ஆறவிட்டதுல நாம கைவிட்ட வேலை அது, இனிமே திரும்ப வாங்கவே முடியாது. ஒரு இஞ்சினியருக்கு என்ட்ரோபின்னா இது தான் தம்பி, எங்க எவ்வளவு வேலை வீணாச்சுன்னு காட்டுற கணக்குப் புஸ்தகம்.

உங்க ஊர்ல பச்சை இலை பறிச்சுப் போடுறதைப் பாத்திருப்பீங்க. காலையில பறிச்ச இலை 10 கிலோ, அதையே மூட்டையில அமுக்கி வெச்சு உள்ள சூடேறி செவந்துபோச்சுன்னா எடை போட்டா கிட்டத்தட்ட அதே 10 கிலோ தான், ஆனா அந்த இலையில நல்ல தூள் வராது. எனர்ஜி எடை மாதிரி, அதோட தரம் எவ்வளவு இறங்குச்சுன்னு சொல்றது என்ட்ரோபி.

டீ ஃபேக்டரி டிரையர் பக்கம் நின்னு பாருங்க, இன்னும் நல்லா புரியும். அடுப்புல விறகு எரியுது, தீ 1000 டிகிரின்னு வெச்சுக்குவோம், டிரையருக்குள்ள போற காத்து 100 டிகிரி. வெளிய 15 டிகிரி இருக்கும்போது, அதே குறையில்லாத இஞ்சின் கணக்குல தீயோட சூட்டுல நூத்துக்கு 77 பங்கு வேலையா மாத்தலாம், 100 டிகிரி காத்தோட சூட்டுல 23 பங்கு தான். ஒரு பொட்டு சூடு வெளிய கசியலைன்னாலும் இந்த இறக்கம் நடந்தே தீரும். இதைத் தெரிஞ்சுக்கிட்டு தான் சில தொழிற்சாலைகள்ல முதல்ல ஆவியை டர்பைன்ல விட்டு கரண்ட் எடுத்துட்டு, மிச்ச சூட்டை உலர்த்துறதுக்கு விடுறாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச ஏற்பாடு அது.

கேள்வி: அடியாபாட்டிக்னா சூடு போகாது வராது, அப்போ என்ட்ரோபியும் மாறாது தானே சார்? எக்ஸாம்ல இப்படி எழுதி மார்க் போச்சு. (குன்னூர் வாசகி)

பதில்: மார்க் போனது நியாயம் தான் மா. அடியாபாட்டிக்கோட ரிவர்சிபிளும், அதாவது எதுவும் வீணாகாம அப்படியே திருப்பிக் கொண்டு போகக்கூடியதா இருக்குறதும், சேர்ந்தா தான் என்ட்ரோபி மாறாது. 10 பார் பிரஷர், 250 டிகிரி ஆவியை எடுங்க, ஸ்டீம் டேபிள்ல, அதான் ஆவியோட அளவுகளைப் போட்டிருக்குற அட்டவணையில, எந்தல்பி (ஆவி சுமந்துக்கிட்டு வர்ற மொத்த எனர்ஜி) கிலோவுக்கு 2943 கிலோஜூல், என்ட்ரோபி கிலோவுக்கு 6.93 கிலோஜூல் பெர் கெல்வின். இதை ஒரு குறையில்லாத டர்பைன்ல 1 பார் வரைக்கும் இறக்கினா கிலோவுக்கு சுமார் 430 கிலோஜூல் வேலை கிடைக்கும், என்ட்ரோபி 6.93-லயே நிக்கும். அதே ஆவியை பாதி திறந்த வால்வு வழியா சும்மா 1 பாருக்கு விடுங்க, எந்தல்பி அதே 2943, சூடும் வெளிய போகல, டெம்பரேச்சர் கூட 234 டிகிரி கிட்ட இருக்கும், தொட்டா சுடும், ஆனா வேலை 0. என்ன போச்சுன்னு எந்தல்பியைப் பாத்தா தெரியாது, டேபிள்ல என்ட்ரோபி வரிசையைப் பாருங்க, 7.97-க்கு ஏறியிருக்கும்.

நம்ம நீலகிரி மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் ஸ்டீம் இஞ்சின்ல இதோட அழகைப் பாக்கலாம். கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் பல்சக்கரப் பாதையில ஏறும்போது, மேல் பிரஷர் சிலிண்டர்ல வேலை செஞ்சு முடிச்ச ஆவியை அப்படியே வெளிய துப்பாம கீழ் பிரஷர் சிலிண்டருக்கு அனுப்பி அதை வெச்சு பல்சக்கரத்தை சுத்துறாங்க. பிரஷர் சும்மா இறங்கக்கூடாது, இறங்குற ஒவ்வொரு படியிலயும் வேலை வாங்கணும்னு அன்னைக்கே யோசிச்சிருக்காங்க.

கேள்வி: ஸ்டீம் டேபிள்ல 0.01 டிகிரி தண்ணிக்கு என்ட்ரோபி 0-னு போட்டிருக்கே, தண்ணியில என்ட்ரோபியே இல்லையா?

பதில்: இருக்கு. அது நாம வெச்சுக்கிட்ட ஆரம்பக் கோடு. நமக்கு வேண்டியது ரெண்டு நிலைக்கு நடுவுல வித்தியாசம், அது எங்க இருந்து எண்ணினாலும் ஒண்ணு தான்.

கேள்வி: என்ட்ரோபி கூடிட்டே தான் போகும்னா, ஜனவரியில ஊட்டி கிட்ட தலைகுந்தா பக்கம் ராத்திரி வாளியில வெச்ச தண்ணி காலையில ஐஸாகுதே, ஐஸ் ஒழுங்கா அடுக்கினது தானே, அது எப்படி?

பதில்: நல்ல கேள்வி, உறைபனியில நின்னு யோசிச்சிருக்கீங்க. கூடிட்டே போகணும்ங்கிறது தனியா இருக்குற மொத்தத்துக்கு, வாளிக்கு மட்டும் இல்ல. ஒரு கிலோ தண்ணி உறையும்போது 334 கிலோஜூல் வெளிய தள்ளும், 273-ஆல வகுத்தா 1.223 கிலோஜூல் பெர் கெல்வின், தண்ணியோட என்ட்ரோபி அவ்வளவு குறைஞ்சது வாஸ்தவம். ஆனா அந்த சூட்டை வாங்கினது மைனஸ் 5 டிகிரி காத்துன்னு வைங்க, 334 பை 268, அது 1.246. வாளி கொடுத்ததை விட காத்து வாங்கினது 0.023 ஜாஸ்தி. காத்தும் சரியா 0 டிகிரியில இருந்திருந்தா அந்த வித்தியாசம் 0, அப்போ தண்ணி விடிய விடிய தண்ணியாவே இருந்திருக்கும்.