பயிற்சி முடிந்தது, வேலை எப்படி அமையும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் குறைந்த மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறான். ‘நூறு சதவீத வேலை உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்யும் ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாதப் பயிற்சிக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் படித்துப் பயனில்லை என்கிறார்கள் உறவினர்கள். நகையை அடகு வைத்துச் சேர்க்கலாமா?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அடகு வைக்காதீர்கள் அம்மா. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) பயிற்சிக் கட்டணம் கிடையாது. அதோடு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, மிதிவண்டி, இலவசப் பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் உண்டு. உங்கள் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் விண்ணப்பிக்கலாம்.

பணத்தைவிட முக்கியமானது சான்றிதழ். ஐ.டி.ஐ.யில் தேறியவருக்குக் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழை (என்.சி.வி.டி. சான்றிதழ் என்றும் சொல்வார்கள்) ரயில்வே, நெய்வேலி, பெல் போன்ற நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது தகுதியாகக் கேட்கின்றன. பெயர் தெரியாத நிறுவனம் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு அந்த மதிப்பு இல்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு ஆண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் மேல்நிலைத் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் 12ஆம் வகுப்புக்கு இணையான சான்று பெறலாம். பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளைக்குப் படிப்பின் கதவு மூடிவிடவில்லை என்பதே எனக்கு இதில் பெரிதாகத் தெரிகிறது.

எந்த ட்ரேடு, அதாவது தொழிற்பிரிவு, என்பதை மகனே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு முன் அவரை ஒருமுறை பட்டறைக்குள் அழைத்துச் சென்று காட்டுங்கள். எந்திர பாகங்களைப் பொருத்தக் கற்கும் பிட்டர் பிரிவில் சேர்ந்த பையன் தொடக்க மாதங்களில் ஓர் இரும்புத் துண்டை வைசில் இறுக்கி, அரத்தால் தேய்த்துக்கொண்டே இருப்பான். மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் மறுபடியும் தேய்ப்பான். இந்தப் பொறுமை சிலருக்குப் பிடிக்கும். சிலருக்கு மின்சார வேலைதான் கைவரும். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய் செலவில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் ‘தொழில் 4.0’ மையங்களாகத் தரம் உயர்த்தப்பட்டன. உங்களுக்கு அருகில் உள்ளது அவற்றில் ஒன்றா என்று விசாரியுங்கள். ரோபோவையும் கணினிவழி இயங்கும் எந்திரத்தையும் கையாண்டு பழகிய பையனுக்கு ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வரவேற்பு கூடுதல்.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்ததும் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருக்கிறேன். இது நிரந்தர வேலையாக மாறுமா?
– ஒரு வாசகர், கடலூர்

பதில்: மாற வேண்டிய கட்டாயம் இல்லை. 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்லர். ஆகவே வருங்கால வைப்புநிதி, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தமும் இராது. ஆனாலும் பாதியில் விட்டுவிடாதீர்கள். இறுதித் தேர்வு எழுதிப் பெறும் தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ், பிற நிறுவனங்களில் அனுபவத்துக்கான சான்றாக உங்களோடு வரும்.

கேள்வி: கிராமப்புற இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய திட்டத்தில் தங்கிப் பயின்று, ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு அனுப்பப்பட்டேன். 14,000 ரூபாய் என்றார்கள். கைக்கு வந்தது பத்தாயிரத்துச் சொச்சம். இரவு ஷிப்ட் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு மாதத்தில் ஊர் திரும்பிவிட்டேன். ‘அரசே வாங்கிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டான்’ என்று ஏசுகிறார்கள். பயிற்சி வீண்தானா?
– ஓர் இளைஞர், தருமபுரி மாவட்டம்

பதில்: வீணில்லை தம்பி, ஊர் திரும்பியதில் குற்றமும் இல்லை. முதலில் சம்பளக் கணக்கைப் பார்ப்போம். ‘மொத்தச் சம்பளம்’ என்று சொல்லப்படும் தொகையிலிருந்து வருங்கால வைப்புநிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம், அதன் பிறகு விடுதி, உணவு, பேருந்து என்று வரிசையாகப் பிடிப்பார்கள். முதல் இரண்டும் உங்களுக்கே பயன்படுபவை. மற்றவை எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். இனி எங்கே சேர்ந்தாலும் கைக்கு வருவது எவ்வளவு, நியமன ஆணை தருவது தொழிற்சாலையா ஒப்பந்ததாரரா என்ற இரண்டையும் கேட்காமல் பெட்டியைத் தூக்காதீர்கள். வைப்புநிதியின் யு.ஏ.என். எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த வேலைக்கும் அதே எண்தான். சம்பளம் பாக்கி இருந்தால், அந்தத் தொழிற்சாலை அமைந்துள்ள மாவட்டத்தின் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம்.

2014இல் தொடங்கிய அந்தத் திட்டம், பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் அமர்த்த வேண்டும் என்று பயிற்சி நிறுவனங்களுக்கு விதித்தது. அரசு தரும் தவணையில் ஒரு பகுதியும் அதனோடு பிணைக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூன்று மாதம் ஒருவர் வேலையில் நீடித்தாலே கணக்கு நேராகிவிடுகிறது. நான்காம் மாதம் அந்தப் பிள்ளை என்ன ஆனார் என்று கேட்கும் பொறுப்பையும் பயிற்சி நிறுவனத்தின் மேல் சுமத்த வேண்டும். ஓராண்டுக்குப் பிறகு எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை ஒவ்வொரு மையமும் வாசலில் எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பதினெட்டு வயதில் முதன்முறையாக ஊரைவிட்டுச் சென்று, தெரியாதவர்களோடு ஓர் அறையில் தங்கி, விடிய விடிய நின்றே வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அந்த முதல் ஆறு மாதத்தில்தான் ஆதரவு தேவை.

உங்கள் சான்றிதழ் இன்றும் செல்லும். மாநில அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் வழக்கமாக மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை சிறிய வேலைவாய்ப்பு முகாம் நடக்கும். ஓசூர் உங்களுக்குப் பக்கம். பகல் ஷிப்டு உள்ள இடமாகப் பார்த்துச் சேருங்கள்.

கேள்வி: எனக்கு 38 வயது. தையல் பழகி வீட்டிலிருந்தே சம்பாதிக்க விரும்புகிறேன். இந்த வயதில் யார் சேர்த்துக்கொள்வார்கள்?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாகச் சேர்த்துக்கொள்வார்கள். வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் 18 முதல் 45 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியைப் பார்த்து நாடெங்கும் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டவை இவை. பயிற்சியும் உணவும் இலவசம். துணி வெட்டுவதோடு வாடிக்கையாளரிடம் விலை பேசுவதையும் வரவு செலவு எழுதுவதையும் கற்பிக்கிறார்கள். பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டு தொடர்பில் இருந்து, வங்கிக் கடன் பெறவும் துணை நிற்கிறார்கள். ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களோடு நேரில் செல்லுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினராக இருந்தால் அதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். முகவரி தெரியாவிட்டால், உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளையில் மாவட்ட முன்னோடி வங்கி எது என்று கேட்டால் வழிகாட்டுவார்கள்.